நத்தமேட்டுச் சாம்பல்

போன மாதம் எங்கள் தொல்லியல் துறையில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பழைய ஆட்கள் ஒன்றிரண்டு பேர் வந்து அனுபவம் பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். பேசப் போனவனை முதலில் வெளியே கூட்டிக்கொண்டு போய் ட்ரோனைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்குவதற்குள் மேடு, பள்ளம், வாய்க்கால், வேலி எல்லாம் அளவோடு கணினித் திரையில் வந்துவிட்டது. அளவை மேசையையும் அதன் மூன்றுகால் தாங்கியையும் தூக்கிக்கொண்டு வாரக்கணக்கில் வெயிலில் அலைந்து நான் வரைந்த வேலை அது. பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தேநீர் வேளையில் ஒரு பெண், நீங்கள் பார்த்ததிலேயே பெரிய கண்டுபிடிப்பு எது சார் என்று கேட்டாள். சர்வீஸ் முழுக்க என்னைத் துரத்திய கேள்வி இது. டீக்கடையில் இருந்தவர்கள் தங்கம் கிடைத்ததா என்று நேராகக் கேட்டார்கள். படித்தவர்கள் அதையே கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார்கள். நான் சாம்பல் என்றேன். அந்தப் பெண் சிரித்தாள், கிழவனுக்குக் குசும்பு என்று நினைத்திருப்பாள். விவரமாகச் சொல்வதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது, பிரியாணியோடு போட்டி போட என்னால் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விருதுநகர். அத்தாவுக்கு பஜாரில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம். அண்ணன்மார் கடையில் உட்கார்ந்தார்கள். எனக்குத் தராசைப் பார்த்தாலே கொட்டாவி வரும். கோடு போடுவது ஒன்றுதான் ஒழுங்காக வந்தது என்பதால் வரைவாளர் படிப்புக்கு அனுப்பினார்கள். தொல்லியலில் வேலை கிடைத்தது என்று போய்ச் சொன்னபோது அத்தா தலையில் கை வைத்துக்கொண்டு, “செத்தவுக வீட்டுக்குப் பிளான் போடவா கவர்மெண்டு சம்பளம் குடுக்குது?” என்று கேட்டார். ஒரு வகையில் அவர் சொன்னது சரிதான். நூல் தொய்யாமல் இழுக்கவும், கண்ணால் பார்க்காத எதையும் வரையாமல் இருக்கவும் கற்றுக்கொள்வதிலேயே என் பயிற்சி வருஷங்கள் போய்விட்டன. மற்றதை எல்லாம் திலகவதி மேடத்திடம்தான் கற்றேன்.

திலகவதி மேடம் அப்போது எங்கள் அகழாய்வு இயக்குநர். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஆமத்தூரிலிருந்து கரிசல் காட்டுக்குள் போனால் ஒரு சின்ன ஊர், ஊரை ஒட்டி சீமைக்கருவேலம் மண்டிய ஒரு மேடு. நத்தமேடு என்பார்கள். கால் வைத்த இடமெல்லாம் பானை ஓடு. சுற்றிலும் கறுப்பு மண்ணாக இருக்க, மேடு மட்டும் வெளுத்துக் கிடக்கும். அங்கே குழி போட மேடம் வந்தார், நான் அவருக்கு வரைவாளன்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஒல்லியான உடம்பு. புடவைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் சட்டைக் கையை மெதுவாக மடித்துவிடுவார், அதைப் பார்த்ததும் நாங்கள் அவரவர் வேலையில் குனிந்துகொள்வோம். தெரியாத ஒன்றுக்குப் பெயர் சூட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது. ஓடு கிடைத்தால் ஓடு. அது பானையா சட்டியா என்பதெல்லாம் ஒட்டிப் பார்த்த பிறகு. கல் வரிசை தெரிந்ததும் நான் ஒருமுறை சுவர் என்று படத்தில் எழுதிவிட்டேன். “பாய், இது சுவர்னு கல்லு உங்ககிட்ட சொல்லுச்சா?” என்று கேட்டார். அழித்துவிட்டுக் கல் வரிசை என்று எழுதினேன். அது கடைசியில் சுவராகத்தான் முடிந்தது. அப்போதும் அவர் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

காலையில் வேலை தொடங்குமுன் எல்லாரையும் வட்டமாக நிறுத்துவார். இன்று யார் எந்தக் குழியில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். சொன்னதோடு விடமாட்டார், ஒவ்வொருவரும் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். எனக்கும் விலக்கு கிடையாது. மண்ணைத் தோண்டுவது என்பது ஒரே ஒரு பிரதி உள்ள புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கிழித்துக்கொண்டே படிப்பது என்று அவர் சொல்வார். கிழித்த பக்கத்தை மறுபடி ஒட்ட முடியாது, அதனால் கிழிக்கும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் நஷ்டமில்லை.

வேலைக்கு வந்த உள்ளூர்ப் பெண்கள் இதைப் பார்த்து முதல் நாள் சிரித்தார்கள். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் மருந்து அடைக்கும் வேலை பார்த்தவர்கள் அவர்கள். பொங்கலை ஒட்டி அங்கே ஒரு ஷெட்டில் தீப்பிடித்து, கம்பெனியைப் பூட்டி சீல் வைத்திருந்தார்கள். வேறு வேலை தேடியவர்கள் எங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவள் பேச்சியம்மாள். நாற்பது வயதிருக்கும், தாட்டியான உடம்பு, எட்டூருக்குக் கேட்கும் குரல். மேடம் திருப்பிச் சொல்லச் சொன்னதும், “நம்மள எல்லாம் ஒண்ணாங்கிளாசுல சேத்துட்டாகடி” என்றாள். என்னையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் வெட்டுகிற மண்ணுக்கு நீங்கள் கோடு போடுகிறீர்களா, நீங்கள் போடுகிற கோட்டுக்கு நாங்கள் மண்ணை வெட்டுகிறோமா என்று கேட்டு ஊரையே சிரிக்க வைத்தாள்.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அந்தப் பெண்களைப் போல நான் பார்த்ததில்லை. யாரும் சொல்லாமலே செருப்பைத் தூரத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் குழிக்குள் இறங்குவார்கள். வளையல், மெட்டி எதுவும் இருக்காது. கொத்துக் கரண்டியைத் தரையில் உரச மாட்டார்கள், பூப்போல இழுப்பார்கள். ஒன்றை வைத்தால் சத்தம் வராமல் வைப்பார்கள். உரசினால் தீப்பிடிக்கும் இடத்தில் வருஷக்கணக்கில் இருந்த கைகள் அவை. குழியின் ஓரத்தில் நின்று மேடம் அதை ரசித்துப் பார்ப்பார். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு சீசன் ஆகும் பாய் என்று ஒருநாள் சொன்னார்.

இவ்வளவும் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தாலும் எங்கள் தலைக்கு மேல் ஒரு கத்தி தொங்கியது. மேட்டின் நிலம் தனியாருக்குச் சொந்தம். அதை மட்டம் தட்டி பட்டாசு ஷெட்டுகள் கட்ட ஒரு கம்பெனி விலை பேசி வைத்திருந்தது. மேடு பழையது, காப்பாற்ற வேண்டியது என்று துறை முடிவு செய்தால்தான் அதை நிறுத்த முடியும். பானை ஓடுகளைக் காட்டினால், இந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் கிடைக்கும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். காலத்தை உறுதியாகச் சொல்ல ஒன்று வேண்டும். கலையாத தரையில், இருந்த இடத்திலேயே இருக்கும் கரித்துண்டு கிடைத்தால் ஆய்வகத்துக்கு அனுப்பி வயதைக் கணிக்கலாம். சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்து அறிக்கை கொடுப்பதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள் அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் மேடு போய்விடும்.

அவர் வருவதற்கு முந்தைய நாள் சாயங்காலம் கிடைத்தது. மேற்குக் குழியில் பேச்சி சுரண்டிக்கொண்டிருந்த இடத்தில் மண் இறுகி, சிவந்து, ஒரு களிமண் தரை வெளிப்பட்டது. அதன் ஓரத்தில் நீள்வட்டமாகச் சாம்பல், நடுவில் கறுப்புக் கறுப்பாகக் கரி. பக்கத்தில் கவிழ்ந்த ஓடுகள். மேடம் குழிக்குள் இறங்கி, முழங்காலிட்டு, முகத்தைத் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு எழுந்து, “நல்ல தரை” என்று மட்டும் சொன்னார். மேலே வந்து கேட்காமலே இரண்டாவது டீ குடித்தார். அவர் ஆனந்தப்பட்டால் அவ்வளவுதான்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கேமராவில் பிலிம் தீர்ந்திருந்தது. புகைப்படம் எடுக்காமல் மாதிரி எடுக்கக்கூடாது என்பது அவர் முறை. ஆனால் வரையாமல் ஒரு ராத்திரி விடக்கூடாது என்பதும் அவர் முறைதான். பேச்சி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, தூக்குக்குண்டை ஒவ்வொரு புள்ளியாக இறக்கி, சாம்பலின் விளிம்பை கிராப் தாளில் ஏற்றினேன். கடைசிப் புள்ளிகளை டார்ச் வெளிச்சத்தில்தான் குறித்தேன். தார்ப்பாய் போட்டு மூடி, காவலுக்கு ஆள் வைத்துவிட்டுப் போனோம்.

மறுநாள் விடியற்காலையிலேயே அதிகாரியின் ரயில். அவரைக் கூட்டிவர மேடம் விருதுநகர் புறப்பட்டார், பிலிம் வாங்க நானும் கூடவே கிளம்பினேன். குழிக்குப் பொறுப்பாக இருந்த ஆய்வு மாணவன் அம்மை கண்டு ஊருக்குப் போயிருந்தான். வேலையாட்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். வட்டமாக நிறுத்த நேரமில்லை. ஜீப்பில் ஒரு காலை வைத்தபடி மேடம் சொன்னார்: “பேச்சி, அந்தத் தரையை நல்லா சுத்தம் பண்ணி வைங்க. சார் வந்ததும் போட்டோ எடுக்கணும்.” பேச்சி சரி என்று தலையாட்டினாள்.

சுத்தம் என்பது எங்களிடம் தினமும் புழங்குகிற சொல். புகைப்படத்துக்கு முன்னால் குழியில் உதிர்ந்து கிடக்கும் மண்ணை எல்லாம் பிரஷ்ஷால் தள்ளி அள்ளிவிடுவோம், அதுதான் சுத்தம். அந்தப் பெண்கள் நூறு தரம் செய்த வேலை, ஒருநாளும் பிசகியதில்லை. அதுவரை எந்தக் குழியிலும் சாம்பல் வந்ததில்லை.

நாங்கள் அதிகாரியோடு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. பெண்கள் குழியோரம் வரிசையாக, கல்யாண வீட்டு வாசலில் நிற்பதுபோல முகம் மலர்ந்து நின்றார்கள். பேச்சி இரண்டடி முன்னால் வந்தாள்.

“வாங்க மேடம். ஒரு பொடி கெடக்காம எடுத்தாச்சு. தரையைப் பாருங்க, கண்ணாடி கணக்கா இருக்கு.”

பார்த்தோம். கண்ணாடி கணக்காகத்தான் இருந்தது. ஈரத்துணியால் ஒத்தி எடுத்த சிவப்புத் தரை பளபளவென்று மின்னியது. சாம்பலும் இல்லை, கரியும் இல்லை. மேடம் குனிந்து, விரலைத் தரையில் வைத்து, விரலைத் திருப்பிப் பார்த்தார். சாம்பல் எங்கே என்று மெல்லக் கேட்டார். அதைத்தான் அள்ளிவிட்டோமே என்ற பேச்சியின் குரலில், பாதியிலேயே பெருமை வடிந்துபோனது. எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டாள்.

அதிகாரியின் பெயர் இங்கே வேண்டாம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், ஆனால் சுருக்கென்று முடிவுக்கு வருகிற ஆள். இவர்கள் எங்கே வேலை பார்த்தவர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“பட்டாசுக் கம்பெனி ஆளுங்க. மேடு போனா இங்க ஷெட் வரும், இவங்களுக்கு வீட்டு வாசல்லயே வேலை. வேணும்னே செஞ்சிருக்காங்க திலகவதி. எல்லாரையும் இப்பவே அனுப்பிடுங்க.”

அந்தப் பேச்சைக் கேட்ட பேச்சியின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. எதற்கும் வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். வேண்டுமென்றே செய்தாள் என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மற்ற பெண்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்கள்.

மேடம் சட்டைக் கையை மடித்தார். யார் மேல் பாயப் போகிறார் என்று நான் பார்த்தேன். அவர் பேச்சியின் எதிரில் போய், அதே மண்ணில் குந்தி உட்கார்ந்தார்.

“பேச்சி, கம்பெனியில சுத்தம் பண்ணுன்னா என்ன செய்வீங்க? சொல்லுங்க.”

“தரையில மருந்து சிந்துனா தண்ணி தெளிச்சு, ஈரத்துணியால ஒத்தி எடுத்து, வாளித் தண்ணியில போட்டுருவோம் மேடம். கறுப்பா சாம்பலா என்னத்தக் கண்டாலும் ஒரு பொடி மிஞ்சக்கூடாது. மிஞ்சுனா என்ன ஆகும்னு ஒங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். நீங்க தரைய நல்ல தரைன்னு சொன்னீக. அதான், தரை மேல கெடந்தத எடுத்தோம்.”

மேடம் எழுந்து அதிகாரியைப் பார்த்தார். “சார், இவங்க நான் சொன்னதைத்தான் செஞ்சிருக்காங்க. தினமும் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். இன்னிக்குச் சொல்லச் சொல்லல. தப்பு என்னோடது. அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க.”

இதைக் கொஞ்சம்கூட நாடகமில்லாமல், மழை வரும்போலிருக்கிறது என்பது மாதிரிச் சொன்னார். நான் எத்தனையோ அதிகாரிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். தப்பு மேலிருந்து கீழே உருண்டு வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். அது கீழிருந்து மேலே ஏறிப் போனதை அன்றுதான் கண்டேன்.

வாளி இருந்தது. கம்பெனிப் பழக்கப்படி, கூட்டிய சாம்பலைக் குப்பையில் கொட்டாமல் தனியாக, தண்ணீரில் போட்டு, மேட்டுக்குக் கீழே நிழலில் வைத்திருந்தார்கள். மேலே கரித்துண்டுகள் மிதந்தன. அதைப் பார்த்ததும் அதிகாரிக்கு முகம் தெளிந்துவிட்டது. பிறகென்ன, கரி அந்தத் தரையில் இருந்ததுதானே, காயவைத்து அனுப்பிவிடலாம், தரையிலிருந்து எடுத்தது என்று சீட்டு எழுதினால் போதும் என்றார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. மேடம் வாளியை எட்டிப் பார்த்தார்.

“இடம் போன கரி வெறும் கரிதான் சார். துணியில என்ன ஒட்டியிருந்தது, வாளியில முன்னாடி என்ன இருந்தது, எதுவும் நமக்குத் தெரியாது. தரையிலிருந்து எடுத்ததுன்னு நான் எழுதமாட்டேன்.”

மேடு போய்விடும் என்று அதிகாரி நினைவூட்டினார். போகட்டும் என்று மேடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி முந்தைய நாள் வரைந்த தாளைக் கேட்டார்.

அந்தத் தாளை குழியோரம் விரித்தோம். நாங்கள் குழிகளை அடுத்தடுத்துச் சதுரமாக வெட்டும்போது, இரண்டு குழிகளுக்கு நடுவில் ஒரு மண்சுவரை வெட்டாமல் விடுவோம். வரப்பு என்று சொல்வோம். எந்த மண் அடுக்கு எதற்கு மேல் இருந்தது என்று அதன் முகத்தில்தான் தெரியும். என் படத்தில் சாம்பலின் நீள்வட்டம் முழுமையாக இல்லை. கிழக்கு ஓரத்தில் வரப்பில் முட்டி, வெட்டுப்பட்டு நின்றது. மேடம் அந்த இடத்தில் விரலை வைத்தார். மீதிச் சாம்பல் வரப்புக்குள் இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொன்னார், இருக்கிறது என்று சொல்லவில்லை.

அதிகாரிக்கு மறுநாள் சாயங்காலம் ரயில். அதுவரை பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். வரப்பை வெட்டுவது விளையாட்டில்லை. வெட்டினால் அதன் முகம் போய்விடும், ஆகவே முதலில் நான் அதை வரைய வேண்டும். குறுக்கே நூலைக் கட்டி, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, நூலிலிருந்து ஒவ்வொரு அடுக்கின் விளிம்புக்கும் டேப்பைத் தொங்கவிட்டு அளந்தேன். மண் காய்ந்தால் நிறம் மறையும். மேடம் தாமே தெளிப்பானை வைத்துக்கொண்டு தண்ணீரைப் புகைபோல அடித்துக்கொண்டே இருந்தார். ஈரம் பட்டதும் அடுக்குகள் ஒவ்வொன்றாக நிறம் காட்டும். அடியில், சிவந்த தரைக்கு மேல், விரல் கனத்தில் ஒரு சாம்பல் கோடு வரப்புக்குள் ஓடியது. அதை இரண்டு முறை அளந்துவிட்டுத்தான் பென்சிலால் போட்டேன்.

மறுநாள் காலையில் மேடம் எல்லாரையும் வட்டமாக நிறுத்தினார். வரப்பை யார் எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, அந்தப் பெண்ணை மட்டும் அருகில் விடாதீர்கள் என்று அதிகாரி சொல்லியிருந்தார். பேச்சியும் ஒதுங்கித்தான் நின்றாள். மேடம் அவளையே கூப்பிட்டார். மேல் மண்ணை எடுத்துக்கொண்டே வந்து, சாம்பல் கண்டதும் அதை அசைக்காமல் நிறுத்த வேண்டும் என்றார். எப்படிச் சொன்னால் உங்களுக்குச் சரியாக விளங்கும் என்றும் அவளிடமே கேட்டார். பேச்சி தரையைப் பார்த்தபடி யோசித்தாள்.

“மூடியிருக்கத மட்டும் வெலக்கணும், உள்ள இருக்கறவுகளத் தொடக்கூடாது. அம்புட்டுத்தான மேடம்? அப்ப மொகம் தெரிய வைன்னு சொல்லுங்க. சுத்தம் பண்ணுன்னு சொல்லாதீக.”

அன்றோடு அந்த மேட்டில் சுத்தம் என்ற சொல் ஒழிந்தது. மேடம் முகம் தெரிய வையுங்கள் என்பார், பெண்கள் மொகம் தெரிய வைக்கோம் என்று திருப்பிச் சொல்வார்கள். பிற்பாடு போன இடங்களிலும் மேடம் அதையே சொன்னார், நானும் சொன்னேன். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

பேச்சி இறங்கினாள். வெறுங்கால், பருத்திப் புடவை, தலைமுடியைத் துணியால் இறுகக் கட்டியிருந்தாள். கரண்டி முனையால் மேல் அடுக்கை ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாக எடுத்தாள். நடுநடுவே மேடம் நிறுத்தச் சொல்ல, நான் அளந்து புள்ளி வைப்பேன், மறுபடி தொடங்குவாள். தரையை நெருங்கியதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிரஷ்ஷை எடுத்தாள். கடைசியில் அதையும் வைத்துவிட்டு உதட்டைக் குவித்து மெல்ல ஊதினாள். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெறும் சாம்பல்தான் வந்துகொண்டிருந்தது, கரி இல்லை. வரப்பின் பாதி போய்விட்டது. அதிகாரி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் ஒரு ஓடு, உட்புறம் கீழே கவிழ்ந்து கிடந்தது. பேச்சி அதன் விளிம்பு முழுவதும் தெரியும்வரை எடுத்துவிட்டு, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“மொகம் தெரியுது மேடம். இதுக்கு மேல நான் தொடமாட்டேன்.”

நான் வரைந்தேன். புகைப்படம் எடுத்தோம். மேடம் இறங்கி அந்த ஓட்டைத் தூக்கினார். அடியில், களிமண் தரை மேல் அப்படியே, பெருவிரல் அளவில் இரண்டு கரித்துண்டுகள் இருந்தன. அவை கிடந்த நிலையை மறுபடி புகைப்படம் எடுத்து, இடுக்கியால் எடுத்து, கைபடாமல் அலுமினியத் தாளில் பொதிந்தார். பெண்கள் சத்தம் போடவில்லை. ஒருத்தி மட்டும் குலவையிட வாயெடுத்து, சாம்பல் பறந்துவிடுமோ என்று பயந்து பொத்திக்கொண்டாள்.

அதிகாரி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. பேச்சி மேலே ஏறி வந்ததும் தன் தண்ணீர்ப் பாட்டிலை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, அண்ணாந்து குடித்துவிட்டு, மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் அவர் ரயிலேறினார். அறிக்கையில் சாம்பல் அள்ளிய கதை வேண்டாமே, துறைக்கு நன்றாக இராது என்று மேடத்திடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மேடம் எழுதினார். முதல் நாள் சாம்பல் எப்படிப் போயிற்று, தான் சொன்ன சொல் என்ன, அது ஏன் தவறு, எல்லாம் எழுதினார். வரப்பில் கரியை வெளிப்படுத்தியவர் என்று பேச்சியம்மாள் பெயரையும் எழுதினார். அது பின்னால் அவருக்குப் பதவி உயர்வில் இடைஞ்சலாக வந்தது என்று கேள்விப்பட்டேன். அவர் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

சீசன் முடிந்து குழிகளை மூடினோம். ஆய்வக முடிவு வர மாதங்கள் ஆயின. அது வந்தபோது தீபாவளி நெருங்கிவிட்டது. கரி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. மேட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவாகி, இன்றைக்கும் முள்வேலிக்குள் பத்திரமாக இருக்கிறது. மேடத்துக்கு அப்போது இதைவிடப் பெரிய வேலைகள் இருந்தன. ஆனால் செய்தி வந்த மறுநாளே, பேச்சியிடம் நேரில் சொல்ல வேண்டும், வாருங்கள் பாய் என்று என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பூட்டியிருந்த கம்பெனி திறந்து, சீசன் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வேப்பமரத்தடியில் நின்றோம். பேச்சி உள்ளேயிருந்து வந்தாள். முழங்கை வரை வெள்ளி நிறத்தில் மருந்துப் பொடி. சிரித்த வாயோடு, சாப்பிட்டீகளா, எப்ப வந்தீக என்று விசாரித்தாள். மேடம் அவள் கையைப் பிடிக்கப் போக, மருந்து அப்பிவிடும், தொடாதீக என்று பின்னால் நகர்ந்தாள். மேடம் விஷயத்தைச் சொன்னார். நீங்கள் முகம் தெரிய வைத்த கரிக்கு இவ்வளவு வயது, மேடு பிழைத்துக்கொண்டது என்றார்.

பேச்சி சந்தோஷத்தில் ஏதாவது கேலி பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, “அடுப்பெரிச்சவ சாம்பல அள்ளாமப் போயிருக்காளே மேடம். எங்கன போனா? என்ன அவசரமோ” என்றாள்.

அது பெண்ணா ஆணா, ஏன் போனார்கள், எதுவும் நமக்குத் தெரியாது என்று மேடம் தன் வழக்கப்படி சொன்னார்.

“எந் தங்கச்சியும் அப்படித்தான் போனா. ஷெட்டுல தீப்பிடிச்ச அன்னிக்குக் காலையில, கம்பெனி வேனு வந்துருச்சுன்னு அடுப்புச் சாம்பல அள்ளாம ஓடுனா. வந்து அள்ளிக்கிறேன்க்கான்னா. எல்லாம் முடிஞ்சு, அவ வீட்டுக்குப் போயி நாந்தான் அள்ளுனேன்.”

ஒரு சீசன் முழுக்க எங்களோடு சிரித்துப் பேசியவள், இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேண்டுமென்றே செய்தாள் என்று அந்த மனிதர் சொன்னபோதுகூடச் சொல்லவில்லை. மருந்து அப்பிவிடும் என்றதை மேடம் இம்முறை பொருட்படுத்தவில்லை, அவளுடைய இரண்டு கைகளையும் பொடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“தங்கச்சி பேரு என்ன பேச்சி?”

“மாரிக்கனி.”

உள்ளேயிருந்து ஆள் வந்து லோடு நிற்கிறது என்று கூப்பிட்டான். பேச்சி கையை விடுவித்துக்கொண்டு, பாத்துப் போங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம். மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து, திருத்தங்கல் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தார். கர்சீப்பை எடுத்துக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, நானும் அந்த நிலைமையில்தான் இருந்தேன்.